மலையில்லா ஊரில் மலையேறிச் சுடுதல்: பனம்பழம் குறித்த ஒரு முன்னாய்வு

முதுகில் மூட்டை கட்டி நடப்போர் வழியில் தீ மூட்டிச் சுட்டுத் தின்னும் பண்டங்களைப் பற்றி உலகெங்கும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மாவைப் பிசைந்து சாம்பலில் புதைத்து எடுத்து 'டாம்பர்' என்கிறார்கள். வேறு சிலர் சட்டிக்கு அடியிலும் மூடியின் மேலும் தணல் போட்டுக் கேக்கே செய்துவிடுகிறார்கள். இந்தப் பெருக்கில் ராமநாதபுரம் மாவட்டம் விடுபட்டதற்கு, இங்கே மலை இல்லை என்பதைக் காரணமாகச் சொல்வர். ஏற்பதற்கில்லை. ராமேஸ்வரம் கோயிலுக்கு வடமேற்கே கந்தமாதன பர்வதம் இருக்கிறது. தீவிலேயே உயரமான இடம். மணல்மேடுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பெயரிலேயே பர்வதம் என்று இருக்கும்போது அளந்து பார்ப்பது ஆய்வு நெறிக்கு முரண்.

இனிப்பு தேடும் இவ்வாய்வுக்கு இங்கே கிடைக்கும் சுடுபண்டங்கள் நான்கு. கருவாடு இனிக்காது, தள்ளுபடி. சீனிக்கிழங்கு எல்லாருக்கும் தெரியும். எனவே ஆய்வுக்கு உதவாது. பனங்கிழங்கு தை மாதச் சரக்கு. இக்கட்டுரை ஆடியில் எழுதப்படுகிறது. எஞ்சுவது பனம்பழம்.

பனம்பழத்தைப் பறிக்க வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் சாயல்குடிப் பக்கம் பனங்காட்டு வழியே நடந்தால் தானாகவே 'தொப்'பென்று விழும். காக்கை உட்கார்ந்ததால் விழுந்ததா என்னும் வினா வடமொழியில் 'காகதாலீய நியாயம்' என்ற பெயரில் நெடுங்காலமாக நிலுவையில் உள்ளது. விழும்போது அடியில் நிற்காதே என்பதே இதுவரை எட்டப்பட்ட ஒரே முடிவு (அத்தை, வாய்மொழி).

சுடும் முறை எளிது. பழத்தின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தடித்த இதழ்களைப் பிய்த்துவிட்டுத் தீயில் நேரே போட வேண்டும். பாத்திரம் இல்லை, மாவு இல்லை, எண்ணெய் இல்லை. கருந்தோல் வெடித்து ஓரத்தில் நுரை கட்டி, மஞ்சள் சாறு தணலில் சொட்டிச் 'சுர்'ரென்னும். அப்போது புரட்ட வேண்டும். தோலை உரித்தால் உள்ளே செம்மஞ்சள் நார். கையில் பிடித்துச் சப்பினால் முதலில் இனிப்பு, அடியில் மெல்லிய கசப்பு. பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். அவற்றை மணலில் புதைத்தால் தையில் கிழங்கு.

எரிபொருள்: காய்ந்த சீமைக்கருவேலம், இந்த மாவட்டத்தில் யாரிடமும் கேட்காமல் கிடைக்கும். பற்றவைக்கப் பன்னாடை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைப்பது பன்னாடை என்பதால் மட்டமான மாணாக்கனுக்கு அதை உவமை சொன்னது நன்னூல். அந்த மாணாக்கர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதைக் கருத்தரங்க மலர்களில் காணலாம்.

இனி மையச் சிக்கலுக்கு வருவோம்: எந்தக் கடலோரம் சுடுவது? தனுஷ்கோடி மணல்முனையில் தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். வடக்கே பாக் விரிகுடா, பெண்கடல். இரண்டுக்கும் நடுவே நடப்பவன் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடித்து ஆண்கடல் கொந்தளிக்கும்; பெண்கடல் படுத்துக்கிடக்கும். ஆகவே வடகரையே தகும் என்பது பெண்கடற் கட்சி. காற்று இருந்தால்தான் தணல் கனியும் என்பது ஆண்கடற் கட்சி. பின்னவரின் பழத்தில் சதையைவிட மணல் அதிகம் என்று முன்னவர் சுட்டியபோது, அது மணலல்ல, வட்டாரத் தன்மை என்று மறுமொழி வந்தது (மறுமொழியாளர், பேச்சு, வாயில் மணலுடன், பல சொற்கள் தெளிவில்லை). வாடைக்காற்றுக் காலத்தில் கடல்கள் குணம் மாற்றிக்கொள்ளும் என்பதால் கட்சிகளும் கரை மாற வேண்டுமே என்று கேட்டோம். அப்போது பனம்பழமே கிடையாது, இருந்தும் விவாதம் தொடரும் என்றார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் நடுநிலை வாதம் ஒன்றும் கிளம்பியது: சாலை ஓரத்தில் சுடலாம். இரு கட்சியும் சேர்ந்து அதை முறியடித்தன. ஆண்கடற் கட்சியின் முதல் நூல் ஓலைச்சுவடியாக இருந்ததென்றும், மூன்றாம் ஏடு முதல் ஏழாம் ஏடு வரை ஆடு தின்றதென்றும், மிச்சத்தைப் பெண்கடற் கட்சியார் இரவல் வாங்கி அடுப்பு மூட்டினார்களென்றும் அறிகிறோம் (அத்தை, மேலது, திருத்திய மூன்றாம் பதிப்பு, வாசற்படி, வசைகள் நீக்கியது, வசைகளுக்குத் தனி இணைப்பு, ஆட்டின் தரப்பு பதிவாகவில்லை). இந்தக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கையில் மேற்படி அத்தை குறுக்கிட்டார்: "பழம் கருகுதுடா, மொதல்ல பொரட்டு." இது கோட்பாட்டளவில் விவாதத்துக்குரியது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. அங்கே சுட முடியாது, தரவு இல்லை.

பல்லிடுக்கில் சிக்கும் நார் இத்துறையின் தீராத பிரச்சினை. கையால் எடுக்க வராது. கடல்நீரால் கொப்பளித்தால் நார் நீங்காது, உப்பு மட்டும் சேரும். சீமைக்கருவேல முள்ளால் குத்தி எடுக்கலாமா என்பதில் இரு தரப்பு உண்டு. எடுக்கலாம் என்ற தரப்பு இப்போது வாய் திறக்கும் நிலையில் இல்லை.