இடர்ப்பொருட் படலம்: ஜப்பானிய உயர்நிலை இலக்கணம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

நூற்பா: இடர்ப்பொருள் உரைப்பின் இலக்கணம் உயரும்.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் உச்சிப்படியாகிய என்1 நிலையில் மாணாக்கரை வாட்டும் இலக்கண அமைப்புகள் எங்கே உறைகின்றன என்பதை உணர்த்துதல் நுதலிற்று.

உரை: சோறு நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஜப்பானியக் கடைக்காரருக்கு அடிப்படியாகிய என்5 இலக்கணமே போதும். அவரே கடையை நிரந்தரமாக மூடும் நாளில், ‘இன்றோடு’ என்பதற்கு ‘ஒ மொச்சிமஷிதெ’ என்று எழுதிக் கதவில் ஒட்டுகிறார். பணத்தைத் திருப்பித் தர மாட்டாத நிறுவனம், காரணம் எதுவாயினும் என்ற பொருளில் ‘இகன் நி யொரஸு’ என்கிறது. புல்தரையில் நுழையாதே என்னும் பழைய பலகை ‘பெகரஸு’ என்று முடிகிறது. ஆசிரியர் ஒருவர் தவறு செய்து அகப்பட்டால், அது அப்பணிக்குத் தகாத செயல் என்று கண்டிக்க ‘மஜிகி’ வருகிறது. இரங்கலுரையில் கண்ணீரை அடக்க மாட்டாதவர் ‘கின்ஜி எனாய்’ என்று இலக்கணம் வழுவாமல் அழுகிறார். இவற்றால், மகிழ்ச்சி வீட்டு உடையில் வர, துன்பமோ கோட்டு மாட்டிக்கொண்டு வரும் என்பது பெற்றாம்.

இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. பேச்சு நடையை ஒட்டி எழுதும் இயக்கம் மெய்ஜி காலத்தில் எழுந்தது. ஃபுதபதெய் ஷிமெய் 1887இல் வெளியிடத் தொடங்கிய ‘உகிகுமோ’ நாவல் அதன் முன்னோடி. நாவல் மாறியது, சட்டம் அசையவில்லை. 1907ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் இக்கால நடைக்கு வந்தது 1995இல்தான். குடிமையியல் சட்டத்தின் முதல் மூன்று பகுதிகளோ 2004ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருந்தன. இடைப்பட்ட காலமெல்லாம் திருடன் இக்கால முறையில் திருட, சட்டம் அக்கால நடையில் தண்டித்தது.

இனி, ‘உடனே’ என்னும் பொருள் ஆராயத்தக்கது. ஒரு வினை முடிந்த கணமே மற்றொன்று நிகழ்ந்தது என்று சொல்ல யா இனயா, க ஹயாய் க, நரி, சொபகர என என்1 நிலையில் பல அமைப்புகள் உள. ‘நரி’ வருமிடத்து இரு வினைக்கும் எழுவாய் ஒன்றாதல் வேண்டும். ‘சொபகர’ மீண்டும் மீண்டும் நிகழ்ந்து சலிப்பூட்டுவதற்கு உரியது. இதற்குப் பயிற்சி நூல்கள் விரும்பிக் காட்டும் எடுத்துக்காட்டு, ‘படிக்கப் படிக்க மறந்துவிடுகிறது’ என்பது. மாணாக்கர் இதை மட்டும் மறப்பதில்லை. ‘உடனே’ என்பதை யாரும் உடனே சொல்லிவிட முடியாதபடி செய்தமை இம்மொழியின் தனிச்சிறப்பு.

தடை: பரிசு பெறுவோர், பெரும் பேறு என்ற பொருளில் ‘கோஏ நொ இதரி’ என்கின்றனரே, இவ்வூருக்கே உரிய சுவை என்று சுற்றுலா விளம்பரங்கள் ‘நரதெவ’ போடுகின்றனவே, இவை இடர்ப்பொருளோ எனின்,

விடை: இடர்ப்பொருளே. முன்னது ஏற்புரையின் தொடக்கம். அவையோர் இன்னும் முழு உரையையும் கேட்டாக வேண்டும். பின்னதன் பின்னே கட்டணச் சீட்டு வரும். எனவே நூற்பா வழுவாது.

தேர்வோர்க்கு ஓர் ஆறுதலும் உண்டு. என்1 தேர்வில் பேச்சுமில்லை, எழுத்துமில்லை. தரப்பட்ட விடைகளில் ஒன்றைக் கருமையாக்கினால் போதும். 180க்கு 100 பெற்று, ஒவ்வொரு பிரிவிலும் 60க்கு 19க்குக் குறையாதிருந்தால் தேர்ச்சி. ஆகவே இவ்வமைப்புகளில் ஒன்றையும் வாய்திறந்து சொல்லாமலே ஒருவர் இவற்றில் வல்லவர் எனச் சான்றிதழ் பெறலாம். புல்தரைப் பலகையும் பேசுவதில்லை என்பதை ஈண்டு ஒப்புநோக்குக.

முடிபு: உயர்நிலை இலக்கணம் பயில விரும்புவோர் காதல் கடிதங்களை விட்டுவிட்டு, மன்னிப்பு அறிக்கைகளையும் பணம் திரும்பாத நிபந்தனைகளையும் ஊன்றிப் படிக்கக் கடவர். டோக்கியோவில் ஒரு கடைக் கதவில் ஒட்டிய தாளின் நடை உங்களுக்குச் சற்றும் விளங்கவில்லையானால், கதவை இழுத்துப் பார்க்க வேண்டா. வேறு கடைக்குப் போங்கள்.