இ-பாஸ் சமூகத்துக்கு ஒரு கடைமடை விண்ணப்பம்

மலைவாசல் காத்தருளும் உயர்திரு இ-பாஸ் அவர்களின் சமூகத்துக்கு, நாகை மாவட்டம் கீழ்வேளூரிலிருந்து ஒரு சமவெளிப் பிரஜை கைகட்டி வாய்பொத்தி எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

தாங்கள் நலமா? போன வாரம் நாங்கள் வந்தபோது தங்கள் சர்வருக்கு உடம்பு சரியில்லை என்று சாவடியில் சொன்னார்கள். இப்போது தேவலையா? எங்கள் ஊர் அஞ்சுவட்டத்தம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை சாத்துவதாக நேர்ந்துகொண்டிருக்கிறோம். பெரிய பெரிய வினையையெல்லாம் தீர்த்தவள், ஒரு சர்வரைக் கைவிட மாட்டாள்.

எந்த மலை, எந்தச் சாவடி என்று எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த விண்ணப்பம் சிவப்பு எழுத்தில் திரும்பி வரும் என்கிற பயம்தான். தமிழ்நாட்டில் தங்கள் ஆட்சி நடக்கும் மலைகளில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. நாற்று நட்டு, களை பறித்து, குனிந்தே காலம் போனவள். ஒரு தடவையாவது நிமிர்ந்து மலையைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. சம்பா நெல் போட்ட பணத்தில் மிஞ்சியதைத் திரட்டி, தெருக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்து, தங்கள் தளத்தில் முறைப்படி பதிந்து, வந்த சீட்டை அச்சடித்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். சாவடித் தம்பி அதன்மேல் செல்போனைக் காட்டினார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "ஓரமா போடுங்க வண்டிய." போட்டோம்.

சும்மா நிற்பானேன் என்று பைச் சோதனை நடந்தது. அத்தையின் சுருக்குப்பையை அவிழ்க்கச் சொன்னார். அத்தனை பேர் பார்க்க அவிழ்த்தாள். வெற்றிலை, சுண்ணாம்பு டப்பா, சின்ன முருகன் படம், ஒரு சீவல் பாக்கெட். "பாட்டி, இது பிளாஸ்டிக்கு. ஃபைன் கட்டணும்." அவள் முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு நீளமான கார் வந்தது. உள்ளேயிருந்து ஒரு விடுதியின் பெயரைச் சொன்னார்கள். சாவடிக் கம்பு எழுந்து நின்று மரியாதை செய்தது. அந்தக் காருக்குச் சர்வர் வேண்டியிருக்கவில்லை, சுருக்குப்பையும் இல்லை போலிருக்கிறது. நாங்கள் பொழுது சாய்கிறவரை ஓரத்தில் நின்றோம். வட்டம் சுற்றி முடித்தபோது மலையில் இருட்டிவிட்டது. இருட்டில் ஏற்ற மாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டார்.

"மலை எங்கயும் ஓடிப்போயிடாது தம்பி, நான்தான் போயிருவேன்" என்றாள் அத்தை. வேறொன்றும் சொல்லவில்லை.

போகட்டும். தங்களைக் குறை சொல்ல நான் யார்? எங்கள் ஊரிலும் மலை உண்டு என்பதால் மலை நிர்வாகத்தின் சிரமம் எனக்குத் தெரியும். கேடிலியப்பர் கோயிலைச் சொல்கிறேன். கோச்செங்கட் சோழன் எழுப்பிய மாடக்கோயில் என்பார்கள். கல்லே இல்லாத வண்டல் பூமியில் கல் கொண்டுவந்து, கட்டுமலை கட்டி, அதன்மேல் சாமியை உட்காரவைத்த ஏற்பாடு. பக்கத்துச் சிக்கலிலும் ஒரு கட்டுமலை இருக்கிறது. ஆக, இரண்டு சிகரங்கள் கொண்ட மலைத்தொடர் எங்களுடையது. பன்னிரண்டு மாதமும் சீசன். நடை திறந்தால் ஏறலாம், நடை சாத்தினால் இறங்கலாம். ஓடிபி கிடையாது.

இந்த மலைக்கு வந்த முதல் சுற்றுலாப் பயணி யாரென்று தங்களுக்குத் தெரியுமோ? சாட்சாத் முருகப் பெருமான். சூரனைக் கொன்ற பாவம் தீர அவர் கீழ்வேளூருக்கு வந்து தவம் செய்ததாகவும், தவம் கலையாமல் அஞ்சுவட்டத்தம்மன் காவல் நின்றதாகவும் தலபுராணம் சொல்கிறது. குறிஞ்சி நிலத்துக் கடவுள் மருத நிலத்துக்கு இறங்கி வந்திருக்கிறார். வரும் காரணம் என்ன, எங்கே தங்குவீர், எப்போது திரும்புவீர், வாகனம் மயிலா, டீசலா என்று நாங்கள் கேட்டதாகப் புராணத்தில் இல்லை.

தங்கள் அவதாரச் சிறப்பையும் நான் மறக்கவில்லை. சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற கணக்கைக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் அதிர்ந்துபோனது. அதனால்தான் 2024 மே 7 அன்று ஊட்டி, கொடைக்கானல் என்ற இரட்டைத் தலங்களில் தாங்கள் அவதரித்தீர்கள். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்க்கச் சென்னை ஐஐடியையும் பெங்களூரு ஐஐஎம்மையும் இறக்கினார்கள். எவ்வளவு பெரிய மூளைகள்! எங்கள் மலை எவ்வளவு தாங்கும் என்று சிவராத்திரிக்குக்கூடக் கேட்டதில்லை. குருக்கள் "தள்ளி நில்லுங்கோ" என்பார். அதுதான் எங்கள் ஐஐடி.

சொன்னால் நம்பமாட்டீர்கள், வரம்பு வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். பிளாஸ்டிக் தடையும் நியாயம்தான். சீவல் உறை ஓடையில் விழுந்தால் யானை தின்னும், மான் தின்னும். ஒரே ஒரு சந்தேகத்தைத் தாங்கள்தான் தெளிவிக்கவேண்டும். ஏறுகிற வண்டியை எண்ணுகிறீர்கள். அந்த வண்டிகள் போய் நிற்கும் கட்டடங்களை எண்ணுவது யார்?

கோச்செங்கட் சோழன் முற்பிறவியில் சிலந்தியாம். ஆனைக்காவில் யானையோடு பகை. அதனால்தான் மறுபிறவியில் யானை ஏற முடியாதபடி மாடக்கோயில்களாகக் கட்டினான் என்று கதை. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக எங்கள் மலையில் யானை ஏறவில்லை, யானையின் வழியில் நாங்களும் குறுக்கிடவில்லை. நீலகிரியின் கதை வேறு. மசினகுடிப் பக்கம், சீகூர்ப் பீடபூமியில், யானைகள் காலங்காலமாக நடக்கிற தடத்திலேயே ரிசார்ட் கட்டினார்கள், மின்வேலி போட்டார்கள். அந்தத் தடத்தை யானைக்கே விடவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்யவேண்டியிருந்தது. யானை ஏறாத மலையை நாங்கள் கட்டினோம். யானை நடக்கிற மலையில் மேலிடத்துக்காரர்கள் விடுதி கட்டவிட்டார்கள். அந்தச் சிமெண்டு மூட்டை ஏறிய அன்று எந்தச் சாவடியில் எந்த வட்டம் சுற்றியது?

கொடைக்கானலுக்கு வருவோம். அங்கே ஒரு ஓட்டலுக்கு விதியை மீறிக் கூடுதல் மாடிகளுக்கு அனுமதி கொடுத்த வழக்கில், 2000 பிப்ரவரி 2 அன்று தண்டனைத் தீர்ப்பு வந்தது. தண்டிக்கப்பட்டவர் பிறகு மேல்முறையீட்டில் விடுதலையானார். ஆனால் தீர்ப்பு வந்த அன்றே, அதை எதிர்த்துக் கிளம்பியவர்கள், கல்விச் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தர்மபுரியில் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் கருகிச் செத்தார்கள். பயிர் வைக்கப் படித்த பிள்ளைகள். மலைமேல் கூடுதல் மாடி ஏறியதற்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள். சரிவை வெட்டிக் கட்டியவன் யார், கட்டவிட்டவன் யார் என்று கேட்க ஒரு க்யூஆர் குறியீடு இல்லை. கிழவியின் சுருக்குப்பைக்கு மட்டும் சட்டம் கண்ணைத் திறந்துகொள்கிறது. வெட்கமாக இல்லை?

மன்னிக்கவேண்டும். மலைக்காற்று படாத உடம்பு, சட்டென்று சூடேறிவிடுகிறது. தங்கள் கருணைக்குக் குறைவில்லை என்பதை உலகறியும்.

வரலாறு படித்தவர்கள் சொல்வது, 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார் என்று. பிறகு கல்வீடு கட்டினார், ஊட்டியில் ஏரி வெட்டினார், உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போட்டார். அங்கே தோடர்களும் கோத்தர்களும் படுகர்களும் அவருக்கு முன்பே இருந்தார்கள். துரையை ஓரமாக நிற்கச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. பிற்பாடு சென்னை மாகாண அரசே கோடை வந்தால் கோப்புகளையும் குமாஸ்தாக்களையும் கட்டிக்கொண்டு ஊட்டிக்குக் குடிபோனது. வியர்வையைக் கண்டு ஓடியவர்களுக்காகத் திறந்த மலை அது. வியர்வையிலேயே விளைந்தவள் வந்தால் வட்டம் சுற்றுகிறது.

இன்னொன்றும் தங்கள் மேலான கவனத்துக்கு. நாங்கள் மலைக்கு அந்நியர்கள் இல்லை. நீலகிரி மலையில் பிறக்கிற பவானியும் மாயாறும் பவானிசாகரில் கலந்து, கூடுதுறையில் காவிரியோடு சேர்கின்றன. தலைக்காவிரியும் குடகு மலையில்தான். மேலே சோலையும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால்தான் கீழே ஆற்றில் தண்ணீர். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா என்று கல்லணைக்காரர்கள் கேட்பார்கள். திறந்த தண்ணீர் வெண்ணாற்றுக் கிளைகளில் எங்கள் கடைமடை வரைக்கும் வருமா என்று நாங்கள் கேட்போம். மலைமேல் ஒரு சோலை அழிந்தால் அதன் நஷ்டக் கணக்கு கடைசியாக வந்து விழுவது கீழ்வேளூர் வயலில்தான். அப்படிப் பார்த்தால் அத்தை அந்த மலையின் பங்குதாரர். பங்குதாரரைத்தான் ஓரமா போடச் சொன்னீர்கள்.

சோதனை எங்களுக்குப் புதிதில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். நெல் விற்கவே இணையத்தில் பதிகிறோம். கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவைத்த நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலிருந்தால் ஓரமாகத்தான் கிடக்கும். தார்ப்பாய் போர்த்திய அந்தக் குவியல்கள்தான் எங்கள் மலைத்தொடரின் மூன்றாவது சிகரம். மழை பெய்தால் முளைவிட்டுப் பச்சைப்பசேலென்று புல்வெளி மாதிரியே இருக்கும். தாங்கள் ஒருமுறை கண்டுகளிக்க வரவேண்டும். அனுமதிச் சீட்டு தேவையில்லை. குடை மட்டும் போதும்.

ஆகவே அடியேனின் தாழ்மையான கோரிக்கைகள்.

சாவடியில் வண்டிக்கு வரம்பு இருப்பதுபோல, மலையில் எழும்பும் ஒவ்வொரு புது விடுதிக்கும் ஒரு வரம்பு வையுங்கள். அந்த எண்ணிக்கையையும் அதே தளத்தில் நாள்தோறும் போடுங்கள். பை சோதித்தால் எல்லாப் பையையும் சோதியுங்கள். காரின் டிக்கியும் ஒரு பைதான். சர்வர் படுத்தால் கையில் இருக்கும் அச்சுச் சீட்டை நம்புங்கள். இணையம் தெரியாதவர்கள் வந்தால் பதிந்துகொடுக்க அடிவாரத்திலேயே ஒரு ஆளை உட்காரவையுங்கள். எங்கள் மலையில் வருகிறவர்களுக்கு வழிசொல்லும் வேலையை வாசலில் செருப்புப் பார்க்கிற அம்மா செய்கிறார், சம்பளம் இல்லாமல்.

கடைசியாக, வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அரசுப் பேருந்தில் போகிறவருக்கும் ரயிலில் போகிறவருக்கும் இ-பாஸ் வேண்டாம் என்பதும் அதே நீதிமன்ற ஏற்பாட்டில் உள்ளதுதான். அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. மயிலாடுதுறையிலிருந்து கோவைக்கு ஜன் சதாப்தி ஓடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் மலை ரயில் 1908 முதல் ஊட்டி வரை ஏறுகிறது, செங்குத்தான இடத்தில் பல்சக்கரம் கடித்துக் கடித்து. டிக்கெட்டுக்கு முன்கூட்டியே முந்திக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். டெல்டாவிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் கோடையில் கூடுதல் அரசுப் பேருந்து விடச் சொல்லி உங்கள் ஊர் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரு மனு கொடுங்கள். ஒரு பேருந்து ஏறினால் பத்து கார் குறையும். மலைக்கும் நல்லது, ஆற்றுக்கும் நல்லது. யாரும் யார் சுருக்குப்பையையும் அவிழ்க்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் கம்புக்குக் கீழே நின்ற
கீழ்வேளூர்க்காரன்