பொடனிக் கண்

கடுகைத் தேடிக்கொண்டிருந்தேன். அடுப்பில் எண்ணெய் புகைய ஆரம்பித்துவிட்டது. அலமாரியின் நடுத்தட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்து, "கடுகு தீந்துபோச்சு" என்று உள்ளே குரல் கொடுத்தேன். மனைவி வந்தாள். அடுப்பை அணைத்தாள். என் மூக்குக்கு ஒரு ஜாண் முன்னால் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். கழுத்து வரை கடுகு.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

இந்தக் கேள்விக்கும் எனக்கும் பழைய சிநேகம். வாடகை சைக்கிளைக் கொண்டுபோய் எருமையின் மேல் விட்டபோது அப்பா கேட்டார். டவுன் பஸ்ஸில் யார் காலையோ மிதித்தபோது கண்டக்டர் கேட்டார். மிதிபட்டது அவர் கால்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டம்ளரைத் தட்டிவிட்டபோது மாமனார் கேட்கவில்லை, ஆனால் நினைத்தது முகத்தில் தெரிந்தது. எனக்கு இப்போது 54 வயது. இத்தனை வருடமும் இந்தக் கேள்விக்குத் தலைகுனிந்தே நின்றிருக்கிறேன். நிமிர்ந்து நின்று "ஆமாம்" என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது சமீபத்தில்தான் தெரிந்தது. மனிதனுக்குக் கண் பொடனிப் பக்கம்தான் இருக்கிறது.

முகத்தில் இருப்பது வெறும் வாசல். வெளிச்சம் அதன் வழியாக நுழைந்து விழித்திரையில் விழுகிறது. ஒவ்வொரு விழித்திரையிலும் சுமார் 12 கோடி குச்சி செல்கள், 60 லட்சம் கூம்பு செல்கள். இவ்வளவு பேரின் சேதியையும் சுமந்துபோகப் பார்வை நரம்பில் இருப்பதோ ஏறக்குறைய 10 லட்சம் இழைகள்தான். எனவே புறப்படும் இடத்திலேயே சுருக்கி, கழித்து, தந்தி அடிப்பதுபோல அடித்து அனுப்புகிறார்கள். அந்தத் தந்தி நெற்றிப் பக்கம் எங்கும் தங்குவதில்லை. மண்டையின் நீளம் முழுக்கப் பயணம் செய்து பின்மண்டைக்குப் போகிறது. வாத்தியார்கள் அடிப்பதற்கென்றே ஆண்டவன் ஒதுக்கிவைத்த இடத்துக்குச் சற்று மேலே. பார்ப்பது என்கிற வேலை தொடங்குவதே அங்கேதான்.

இதற்கு என்னிடம் நேரடிச் சாட்சியம் உண்டு. எட்டாம் வகுப்பில், பெருக்கலில் ஒரு சைபரை விட்டுவிட்டேன் என்று கணக்கு வாத்தியார் பின்னாலிருந்து வந்து பொடனியில் ஒன்று வைத்தார். கண்ணை அவர் தொடவே இல்லை. ஆனாலும் கரும்பலகை நெடுக மத்தாப்பு. "கண்ணுல பூச்சி பறந்துச்சுடா" என்று பக்கத்துப் பையனிடம் சொன்னேன். தப்பு. பூச்சி பறந்தது பின்மண்டையில். அதிர்ச்சியில் அங்கிருந்த நரம்புச் செல்கள் தாறுமாறாகத் துடித்தன. அவை துடித்தால் வெளிச்சம் என்றே மூளை எழுதிக்கொள்ளும், வெளியே வெளிச்சம் வந்ததா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கு வாத்தியார் எனக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் உடலியல்.

இதே பாடத்தைச் சிரிக்க முடியாத வழியில் படித்தவர் ஜப்பானியக் கண் மருத்துவர் தட்சுஜி இனோயே. 1904-05 ரஷ்ய ஜப்பானியப் போரில் பின்மண்டையில் குண்டு துளைத்தும் உயிர் பிழைத்த சிப்பாய்கள் பலர். கண்ணில் கீறல்கூடக் கிடையாது, ஆனால் பார்வையில் திட்டுத் திட்டாக இருட்டு. யாருக்கு எவ்வளவு பார்வை போயிற்று என்று அளந்து ஓய்வூதியத்துக்குக் கணக்குச் சொல்வது இனோயேவின் வேலை. அவர் அதோடு நிற்காமல், குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் வைத்து, பார்வையின் எந்தத் துண்டு மூளையின் எந்த இடத்தில் பதிகிறது என்று வரைபடமே போட்டுவிட்டார்.

நான் இதையெல்லாம் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு மூக்குக்கண்ணாடி. கிட்டப் பார்க்க ஒன்று, எட்டப் பார்க்க ஒன்று என்று இரண்டு வைத்திருந்தேன்; ஒன்றைத் தேட இன்னொன்று தேவைப்பட்டது. போன மாதம் கண்ணாடிக் கடையில் இரண்டையும் ஒன்றாக்கி 'ப்ரோக்ரெஸிவ்' என்று ஒன்றை மாட்டிவிட்டார்கள். மேல்பாதி தூரத்துக்கு, அடிப்பகுதி படிப்பதற்கு, நடுவில் போகப் போக மாறும். "ஒரு வாரம் கழட்டாம போடுங்க சார், மூளை செட் ஆயிடும்" என்றான் கடைப் பையன். கண் செட் ஆகிவிடும் என்று அவன் சொல்லவில்லை. நான்தான் கவனிக்கவில்லை.

வீட்டு மாடிப்படியில் இறங்கினேன். கீழே பார்த்தால் படிக்கிற கண்ணாடி வழியாகப் படி தெரிகிறது. பெரிதாக, மங்கலாக, தண்ணீருக்குள் கிடப்பதுபோல. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு புதுப்பெண் மாதிரி ஒவ்வொரு படியாகக் கால் வைத்தேன். எல்லாப் படியும் முடிந்த பிறகு இன்னொரு படியும் இறங்கினேன். அந்தப் படி எங்கள் வீட்டில் இல்லை.

ஆனாலும் மூளை பழகத்தான் செய்கிறது. இதைவிடப் பெரிய கூத்துக்கெல்லாம் பழகிய உறுப்பு அது. விழித்திரையில் விழும் பிம்பம் தலைகீழானது. 1604-இல் கெப்ளர் இதை விளக்கிவிட்டார். நாம் பிறந்த நாளிலிருந்து தலைகீழ்ப் படத்தை வைத்துத்தான் குடித்தனம் நடத்துகிறோம். 1890-களில் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டனுக்கு ஒரு விபரீத ஆசை. ஒரு கண்ணைக் கட்டிவிட்டு, இன்னொரு கண்ணில் உலகத்தைக் குப்புறக் கவிழ்த்துக் காட்டும் லென்ஸை மாட்டிக்கொண்டு எட்டு நாள் திரிந்தார். முதலில் கை ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம். நாள் ஆக ஆகக் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்டன. கடைசியில் கழற்றியபோது, நேரான உலகம்தான் சில மணி நேரத்துக்கு அவருக்கு விநோதமாகத் தெரிந்ததாம். அவர் வீட்டிலும் மாடிப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் ஆறுதல்.

கடுகு விஷயத்துக்கு வருகிறேன். கண்ணில் உண்மையிலேயே கூர்மையாகத் தெரியும் இடம் மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். சுற்றியுள்ளதெல்லாம் மசமசப்பு. அந்த நக அகலத்தை வைத்துக்கொண்டு கண் ஒரு வினாடிக்கு மூன்று தடவை போலத் தாவித் தாவிப் பொறுக்குகிறது. தாவும்போது வரும் கலங்கலை மூளை மறைத்துவிடுகிறது. நம்பாதவர்கள் முகக்கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணையும் மறு கண்ணையும் மாறி மாறிப் பார்க்கலாம். விழி நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். ஆக எங்கே தாவுவது, எதை எடுப்பது, எதை விடுவது என்பதெல்லாம் பொடனிக்காரர்களும் அவர்களுக்கு மேலே உள்ளவர்களும் சேர்ந்து எடுக்கும் முடிவு. என் மூளையிடம் இருந்த அங்க அடையாளம்: பச்சை மூடி போட்ட டப்பா. அந்த மூடி உடைந்துபோய், மனைவி கடுகை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றி மூன்று நாள் ஆகியிருந்தது. பச்சை மூடி இல்லாதவர்களை என் மூளை விசாரிக்காமலே அனுப்பிவிட்டது.

இதை மனைவியிடம் விளக்கினேன். ஆதாரமாக 1999-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வையும் சொன்னேன். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லி ஒரு வீடியோ காட்டினார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் வந்து மார்பில் தட்டிக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அவர் தெரியவே இல்லை.

"அந்தப் பாதிப் பேரும் ஆம்பளைங்களா?" என்று கேட்டாள்.

இந்தப் படிப்பினால் எனக்கு ஒரே ஒரு லாபம். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் குச்சியும் இல்லை, கூம்பும் இல்லை. அங்கே நமக்குப் பார்வை கிடையாது. 1660-களில் பிரான்சின் மாரியட் இந்தக் குருட்டுப் புள்ளியைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், அரசவையில் பிடிக்காதவர்களின் தலையை இந்தப் புள்ளியில் வைத்து மறையச் செய்து மகிழ்ந்ததாக ஒரு கதை உண்டு. அவருடைய அப்பாவின் தலையை 1649-இல் நிஜமாகவே எடுத்துவிட்டார்கள் என்பதால் அவருக்கு இந்த விளையாட்டில் தனிச் சுவை இருந்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். பத்தடி தள்ளி எதிர்ச் சோபாவில் உட்கார்ந்து, "அத்தான், ஒரு சின்ன கைமாத்து" என்று ஆரம்பித்தான். நான் இடது கண்ணை மூடிக்கொண்டேன். வலது கண்ணால் அவன் தலைக்கு இடப்புறம் மூன்றடி தள்ளித் தொங்கிய மாதக் காலண்டரை முறைத்தேன். கொஞ்சம் முன்னே பின்னே சரிசெய்ததும் தலை போய்விட்டது! கழுத்துக்கு மேல் எங்கள் வீட்டு வெளிர்மஞ்சள் சுவர் மட்டும். ஓட்டை இருக்கிற இடத்தில் அக்கம்பக்கத்து நிறத்தை எடுத்து மூளை பூசிவிடுகிறது. அவ்வளவு சுத்தமான பூச்சு வேலையை எங்கள் வீட்டுப் பெயிண்டர்கூடச் செய்ததில்லை. ஆனால் குரல் மட்டும் நிற்காமல் "இருபதாயிரம்" என்றது. கூடவே, "எதுக்கு அத்தான் கண்ணடிக்கிறீங்க?"

(நீங்களும் செய்யலாம். இரண்டு கட்டைவிரலையும் கை நீட்டி அருகருகே வையுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடது விரலையே பார்த்துக்கொண்டு, வலது விரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு ஜாணுக்குச் சற்றுக் குறைவான இடத்தில் விரல்நுனி காணாமல் போகும். வண்டி ஓட்டும்போது வேண்டாம்.)

மீன் கடையில் கிடக்கும் கணவாய்க்கு இந்தக் குருட்டுப் புள்ளி கிடையாது. அதற்கு நரம்புகள் விழித்திரையின் பின்பக்கமாகவே கிளம்பிப் போகின்றன, ஓட்டை போடத் தேவையில்லை. இதையும் மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது. "கணவாய்க்குத் தெரியுது, கணவனுக்குத்தான் தெரியல" என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மூளை பூசி மெழுகுவதால் எனக்கு நேர்ந்த பெரிய அவமானம் போன தை மாதம். தங்கை மகள் கல்யாணம். எழுதுகிறவன் என்பதால் பத்திரிகை அடிக்கும் பொறுப்பு என் தலையில். அச்சகத்தில் தந்த புரூஃபை நான் பார்த்தேன், தங்கை வீட்டுக்காரர் பார்த்தார், ஓய்வுபெற்ற தமிழாசிரியரான பெரியப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். 600 பத்திரிகை வந்து இறங்கியது. முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் காலடியில் வைத்தோம். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வீட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அதை வாங்கி, விரலை வைத்து எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்:

"சுற்றமும் நட்டமும் சூழ..."

பெரியவர்கள் மூவரும் அந்த வரியைப் படிக்கவே இல்லை. 'சுற்றமும்' என்று கண் சொன்ன மாத்திரத்தில் மூளை 'நட்பும் சூழ' என்று மிச்சத்தைப் போட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. பார்வை என்பதே நாம் அறியாமல் மூளை செய்யும் அனுமானம் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொல்லியிருக்கிறார். கண்ணின் சேதி பின்மண்டைக்குப் போகும் வழியில் ஓர் இடைநிலையம் இருக்கிறது. அங்கே கண்ணிலிருந்து வந்து சேரும் இணைப்புகளைவிட, மேலே மூளையிலிருந்து திரும்பி வரும் இணைப்புகள் அதிகம். மனு கொடுக்கப் போனவனிடம், "நீ என்ன எழுதியிருப்பேன்னு எனக்குத் தெரியும்" என்று அதிகாரி முந்திக்கொண்டு சொல்வதுபோலத்தான். அந்தச் சின்னப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணப் பத்திரிகை மனப்பாடம் ஆகவில்லை. அதனால் அவள் தாளில் இருந்ததைப் பார்த்தாள்.

தங்கை வீட்டுக்காரர் பெரிய மனசு பண்ணி, "இருக்கட்டும் விடுங்க மச்சான், பொண்ணைப் பெத்தவன் நான், எனக்குச் சரியாத்தான் படுது" என்றார். 598 பத்திரிகையிலும் ஸ்டிக்கர் ஒட்டினோம்.

புதுக் கண்ணாடிக்கு ஒன்பதாம் நாள் பழகினேன். இல்லாத படியில் இப்போது இறங்குவதில்லை. இந்தக் கட்டுரையையும் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானேதான் நான்கு முறை பிழை பார்த்தேன். அந்தப் பெண்ணைக் கூப்பிடலாம் என்றால் அவளுக்குப் பரீட்சை நடக்கிறது. எனவே பிழை ஏதும் தட்டுப்பட்டால் தயவுசெய்து ஆசிரியருக்கு எழுதுங்கள். என் வீட்டு விலாசத்துக்கு வேண்டாம். தபாலை முதலில் பிரிப்பவள் மனைவி.