கியர் மாமா

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் அடுக்ககத்து மாடிப்படியில் ஒரு குதிரை இறங்கும். டக், டக், டக் என்று மூன்று மாடிக்கும் லாடச் சத்தம் கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் பயந்துபோய்க் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அடுத்த வாரம் அவர்களும் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கியர் மாமா கெளம்பிட்டாரு" என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள்.

லாடம் வேறொன்றுமில்லை, காலைப் பெடலோடு பூட்டிவைக்கும் சைக்கிள் ஷூ. அதன் அடியில் கிளீட் என்று கெட்டியான பிளாஸ்டிக் கட்டை ஒன்று இருக்கும். பெடலில் வைத்து அழுத்தினால் 'க்ளிக்' என்று மாட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். திருப்ப மறக்கக் கூடாது, அவ்வளவுதான். திருவான்மியூர் சிக்னலில் மாமா ஒருமுறை மறந்துவிட்டார். சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. மாமா ஒரு வினாடி அந்தரத்தில் நின்றார், பிறகு வெட்டின வாழைமரம் மாதிரி நிதானமாக இடப்பக்கம் சாய்ந்தார். தரையில் கிடந்தபோதும் கால் பெடலை விடவில்லை. பால் பாக்கெட் போடும் பையன் ஒருவன் தன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து இவரைக் கழற்றி எடுத்தான். "அவனுக்கு டெக்னிக் தெரியல சார், குதிகாலுக்குப் பதிலா முட்டியத் திருப்பிட்டான்" என்று மாமா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அண்ணாநகரானாலும் சரி, கோவை ஆர்.எஸ்.புரமானாலும் சரி, அடுக்ககத்துக்கு ஒரு கியர் மாமா உண்டு. நாற்பதைத் தாண்டியவர். ஒருநாள் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "தினமும் அரைமணி நேரம் நடங்க" என்று சொல்லியிருப்பார். நடப்பதில் ஒரு குறை இருக்கிறது. அதற்குச் சாமான் வாங்க முடியாது. செருப்பு வாங்கியதோடு கதை முடிந்துவிடும். ஆகவே சைக்கிள்.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் சைக்கிள் என்றால் ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, பூட்டு, பெல் ஐந்தும் இருக்க வேண்டும். இவை ஐந்தும் இல்லாத சைக்கிளுக்குத்தான் விலை அதிகம் என்பதை மாமாவின் வண்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மட்கார்டு இல்லாததால் ஐப்பசி மழையில் முதுகு நெடுக ஒரு சேற்று நாமம். கேரியர் இல்லாததால் கொத்தமல்லிக் கட்டு வாங்கவும் ஸ்கூட்டரை எடுக்க வேண்டும். ஸ்டாண்டும் பூட்டும் இல்லாததால் முட்டுக்காட்டுப் பக்கத்து டீக்கடையில் பெஞ்சு காலியாக இருந்தாலும் மாமா உட்கார முடியாது. கன்றுக்குட்டியைச் சந்தைக்கு ஓட்டி வந்தவர் மாதிரி ஒரு கையில் வண்டியைப் பிடித்துக்கொண்டே டீ குடிப்பார்.

காரணம் கேட்டால், "வெயிட்டு சார்" என்பார். சர்வதேசப் பந்தயங்களில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. மாமாவின் கவலை தம் வண்டி அந்த விதியை மீறிவிடுமோ என்பதல்ல, அதன் பக்கத்திலாவது போய்ச் சேருமா என்பது. அவர் வீட்டுச் சமையலறைத் தராசு இப்போது சமையலறையில் இல்லை. புதிதாக வரும் ஒவ்வொரு திருகாணியும் அதில் ஏறி இறங்கியாக வேண்டும். தீபாவளிக்குப் பாதுஷா செய்ய மாவு நிறுக்க வேண்டுமென்றால் அவர் மனைவி எங்கள் வீட்டுத் தராசைத்தான் வாங்கிப் போகிறார்.

அவர் ஓட்டியது குறைவு, தேர்ந்தெடுத்தது அதிகம். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. பின்விளக்கு ஒன்று வாங்க மூன்று மாதம் ஆராய்ந்திருக்கிறார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்கு. கியர் சமாசாரத்தில் இறங்கினால் இன்னும் ஆழம். 1921இல் ஜப்பானின் சாக்காய் நகரில் தொடங்கிய ஷிமானோ கம்பெனியின் கியர் வரிசையைச் சரளி வரிசை மாதிரி ஒப்பிப்பார்: கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ். எனக்கு விளங்கவில்லை. "சார், ரெவின்யூ டிபார்ட்மென்ட் மாதிரி வச்சுக்குங்க. கிளாரிஸ் இளநிலை உதவியாளர். 105 தாசில்தார். டூரா-ஏஸ் கலெக்டர்" என்றார். உடனே விளங்கிவிட்டது. மாமா டியாக்ராவில் சேர்ந்து, சொந்தச் செலவில் பதவி உயர்வு பெற்று, இப்போது 105இல் இருக்கிறார். அல்டெக்ராவுக்கு மனைவியின் ஒப்புதல் நிலுவையில்.

நான் தினமும் சைக்கிளில் போகிறவன். ஆபீசுக்கு 6 கிலோமீட்டர், திரும்பும்போது காய்கறி. அப்பா வாங்கின அம்பத்தூர் ஹெர்குலிஸ். முன் சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்தில் 40. மாமா முதல்நாள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தொல்லியல் துறைக்காரர் நடுகல்லைப் பார்ப்பதுபோல் மரியாதையோடு, "டயருக்கு எவ்வளவு பி.எஸ்.ஐ. வைக்கறீங்க?" என்று கேட்டார். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன் என்றேன். அவர் முகம் சுருங்கியதை இன்றும் மறக்கவில்லை.

அன்று வால்வு பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். என் வண்டியில் இருப்பது பழைய வால்வு. நாமெல்லாம் வால்டியூப் என்று சொல்லும் அந்த நூடுல்ஸ் மாதிரி ரப்பர்க் குழாயை, எச்சில் தொட்டு, பித்தளைக் காம்பின் மேல் ஏற்றி வைப்போமே, அது. ரப்பர் இற்றுப்போனால் காற்று நிற்காது, பஞ்சர் என்று நினைத்து டியூபைக் கழற்றுவோம். கார், மோட்டார் சைக்கிளில் இருப்பது வேறு. மாமாவின் வண்டியில் இருப்பது பிரெஸ்டா என்னும் பிரெஞ்சு வால்வு. பென்சில் முனை மாதிரி மெல்லிசு, நுனியில் ஒரு குட்டித் திருகு, அதைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். பெட்ரோல் பங்கில் நேரடியாக இதற்குக் காற்றடிக்க முடியாது. நடுவில் மாட்ட ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும். விரல் நகத்தளவு சாமான். மாமாவிடம் ஒன்பது இருக்கிறது. ஏன் ஒன்பது என்றால், தேவைப்படும்போது எட்டு கிடைக்காது.

பெடல் மாற்றிய ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பழைய பெடலைக் கழற்றி லாடப் பெடல் போடும் வைபவம். நான் வண்டியைப் பிடித்துக்கொள்ள அழைக்கப்பட்டேன். முழங்கை நீளத்துக்கு 15 மில்லிமீட்டர் பெடல் ஸ்பேனர், கிரீஸ், கையுறை, திருகாணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லும் டார்க் ஸ்பேனர், எல்லாம் வரலட்சுமி நோன்புக்கு அடுக்கிவைத்த மாதிரி ஒரு துண்டின் மேல். "வலது பெடலுக்கு நேர் மரை, இடதுக்கு எதிர் மரை சார். மிதிக்க மிதிக்கக் கழண்டு வந்துடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான்" என்று விளக்கினார். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தோம். இடது பெடலில் ஸ்பேனரைப் போட்டு எதிர் மரைக்குத் தகுந்தபடி திருப்பினார். அசையவில்லை. நானும் சேர்ந்து தொங்கினேன். துருவாக இருக்கும் என்று ஏதோ ஸ்பிரே அடித்தார். அரைமணி நேரம் ஆயிற்று.

எதிர்ச்சாரியில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"சார், செயின் இருக்கற பக்கம் எப்பவுமே வலது சார்."

கவிழ்த்ததில் இடம் வலமாகிவிட்டிருந்தது. அரைமணி நேரமாக இரண்டு படித்தவர்கள் சேர்ந்து வலது பெடலை இறுக்கிக்கொண்டிருந்தோம். அவர் அதே ஸ்பேனரை மறுபக்கம் திருப்பி, காலால் ஒரு மிதி மிதித்தார். கழன்றது. மாமா கோபப்படவில்லை. அது அவரிடம் எனக்குப் பிடித்த குணம். "நல்ல ஸ்பேனர் சார், அதான் லீவரேஜ்" என்றார்.

சங்கிலி விஷயத்தில்தான் குடும்பத்தில் விரிசல் வரப் பார்த்தது. நான் தையல் மெஷின் எண்ணெய் விடுகிறவன். முன்பு தேங்காயெண்ணெயும் விட்டதுண்டு. அது பிசின் மாதிரி இறுகிவிடும், செய்யாதீர்கள். கடைக்காரரோ எதைக் கேட்டாலும் "ஓவராயில் பண்ணிடலாம் சார்" என்பார். ஓவர்ஹாலிங் என்பதுதான் அந்தச் சொல். ஆனால் அவர் ஊற்றும் அளவைப் பார்த்தால் ஓவர் ஆயில் என்பதே பொருத்தம். மாமா சொல்வது வேறு: ஒவ்வொரு கண்ணியின் உருளைக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்பக்கமாக நாலு சுற்று, பிறகு வெளியே தெரியும் எண்ணெயைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது உள்ளே. வெளியே இருப்பது மண்ணுக்கு அழைப்பிதழ். இதை மட்டும் அவரிடம் கற்றுக்கொண்டு அப்படியே செய்கிறேன். என் சங்கிலியின் ஆயுள் கூடியிருக்கிறது.

ஆனால் எண்ணெயோடு நிற்பவரா அவர்? கடற்கரைச் சாலை மணலும் உப்புக் காற்றும் ஒட்டாமலிருக்க மெழுகுதான் சரி என்று படித்துவிட்டார். சங்கிலியைக் கழற்றி, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, உருக்கிய மெழுகில் முக்கியெடுக்க வேண்டும். மெழுகை நேரடி நெருப்பில் வைக்கக் கூடாது, இதமான சூடு வேண்டும். இதமான சூட்டுக்கு வீட்டில் என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பிய அவர் மனைவி, ரைஸ் குக்கரில் விளக்கு எரிவதைப் பார்த்து, கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக மனுஷர் உலை வைத்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய் மூடியைத் திறந்திருக்கிறார். உள்ளே சங்கிலி வெந்துகொண்டிருந்தது.

"இதுக்குத் தொட்டுக்க என்ன பண்ணட்டும்?" என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் புதுக் குக்கர் வந்தது. பழைய குக்கர் சைக்கிள் அறைக்குத் தராசோடு குடிபோயிற்று.

சங்கிலி தேய்ந்துவிட்டதா என்று பார்க்க மாமாவிடம் மூன்று கருவிகள். நான் பெண்ணின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து வைப்பேன். அரை அங்குலத்துக்கு ஒரு கண்ணி, ஆக 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். ஆணிக்கு ஆணி அளந்து, 16இல் ஒரு பங்கு அங்குலம் நீண்டுவிட்டால் மாமா மாதிரி கியர் வண்டிக்காரர்கள் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பல் சக்கரத்தையும் சேர்த்து அது தின்றுவிடும். என் வண்டிக்கு இதில் பாதி கண்டிப்பு போதும். இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவரும் மாமாதான். சொல்லிக்கொடுத்துவிட்டு நாலாவது கருவிக்கு ஆர்டர் போட்டார்.

சீட்டுக்கு வருவோம். உட்காரும் எலும்புகளின் இடைவெளிக்குத் தக்க அகலத்தில் சீட்டு வேண்டுமாம். அதை அளக்க, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டு அதன்மேல் அழுந்த உட்கார்ந்து, பதிந்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவே டேப் வைத்தார். ஒப்பிட ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் உட்காரவைத்தார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு. அன்றோடு சீட்டு விஷயத்தில் என் கவலை தீர்ந்தது.

ஏனென்றால் மாமா எதையும் விற்பதில்லை. விற்றால் வாங்கின விலையும் விற்ற விலையும் வீட்டில் தெரிந்துவிடும். "வச்சுக்குங்க சார், நீங்கதான் டெய்லி ஓட்டறவரு" என்று கொடுத்துவிடுவார். அன்று இஸ்திரிக்காரர் கழற்றிய பெடல் என் ஹெர்குலிஸில் இருக்கிறது. மூன்றாவது தோல் சீட்டு என்னிடம். முதல் இரண்டு பதமாக இருந்ததால் வாட்ச்மேனுக்கும் இஸ்திரிக்காரருக்கும் கொடுத்தேன். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் பிரவே ஓட்டத்துக்கு மாமா பேர் கொடுத்து, இருட்டில் ஓட்ட என்று ஒரு விளக்கு வாங்கினார். பை வந்து சேரவில்லை என்று போகவில்லை. அந்த விளக்கு என் ஹேண்டில்பாரில் எரிகிறது. எங்கள் தெருவில் லாரிக்காரர்கள் எனக்கு டிம் அடிக்கிறார்கள். மீட்டர் வைத்த பம்ப்பு, டயர் நெம்பும் கம்பி இரண்டு, ஒட்டுப் போடும் டப்பா, கையுறை, எல்லாம் அவர் தயவு. பம்ப்பு என் வால்வுக்குச் சேர அடாப்டரும் கொடுத்தார். அதில் அவரிடம் எட்டு பாக்கி.

டயர் மட்டும் சேரவில்லை. அவர் ரிம் 622 மில்லிமீட்டர், என்னுடையது 635. இந்த 13 மில்லிமீட்டர்தான் எங்களுக்குள் இருக்கும் வர்க்க வேறுபாடு.

உங்கள் அடுக்ககத்திலும் லாடச் சத்தம் கேட்டால் சிரிக்காதீர்கள், "எதுக்கு சார் இவ்வளவு?" என்று கேட்டு அவரைத் திருத்தியும் விடாதீர்கள். எனக்கு இன்னும் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருக்கிறது. மார்க்கெட்டில் வண்டியை விட்டுப் போக ஒரு நல்ல பூட்டு. மாமாவோ வெயிட்டு என்று சொல்லி இதுவரை பூட்டே வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முட்டுக்காட்டு டீக்கடையில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால், பூட்டைப் பற்றி அவர் காதில் நாலு வார்த்தை போட்டு வையுங்கள்.