தீப்பிடிக்காத பெயிண்ட்

கொடைக்கானலில் ‘பசுமைக் கட்டடம்’ கட்டுவோருக்கு நல்ல காலம். மூக்கைத் துளைக்காத பெயிண்ட் வந்துவிட்டது. லிட்டருக்கு எத்தனை கிராம் ஆவி பறக்கும் என்று டப்பாவிலேயே கணக்கு. சூடு பட்டால் பூரியாக உப்பி, கரிநுரையாகி, உள்ளிருக்கும் இரும்பைக் காக்கும் பூச்சும் உண்டு. மாசி, பங்குனியில் மட்டும் ஜன்னலைத் திறக்கக் கூடாது. வெளியே காடு எரியும். மலைக்கே பூச்சடிக்க யாரும் இன்னும் டெண்டர் விடவில்லை.

இதே ஊரில் அனுமதிக்கு மேல் தளங்கள் எழுப்பிய பிளசன்ட் ஸ்டே ஹோட்டலை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்பு கவுன்சில் நடத்திய வழக்கு 1995-ல் உச்ச நீதிமன்றம்வரை போனது. பாவம், அப்போது இந்த வசதியெல்லாம் ஏது? இன்றென்றால் விதிமீறிய மாடிக்கும் உமிழ்வு குறைந்த பெயிண்ட் அடித்து, வரவேற்பறையில் ஓர் இலைப் படம் மாட்டலாம். 2024 மே முதல் மலையேறி வரும் காருக்கு இ-பாஸ் இருக்கிறது. கூடுதல் மாடிக்கும் ஒன்று கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.