பச்சை முக்கோணம் பயமில்லையா?

கேள்வி: மக்காச்சோளத்துக்கு மருந்து அடிக்கிறவங்களுக்குப் புற்றுநோய் வரும்ங்கிறாங்க. டப்பாவில் பச்சை முக்கோணம் இருந்தால் பயமில்லைதானே?
— ஒரு வாசகர், திருச்சுழி

பதில்: அந்த முக்கோணத்துக்கு அவ்வளவு தூரப் பார்வை கிடையாது! சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாமே உடனே ஆளைச் சாய்க்க எவ்வளவு விஷம் தேவை என்பதை வைத்துப் போட்ட நிறங்கள். இருபது வருஷம் கழித்து வரும் நோய் அந்தக் கணக்கில் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் கிளைபோசேட், மாலத்தியான், டயசினான் மூன்றையும் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்றது. கிளைபோசேட் விஷயத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இதை ஏற்கவில்லை. ஆனால் அதே நாட்டில், கிளைபோசேட் தயாரிப்பாளர் மீதான வழக்கில், கலிபோர்னியாவின் பள்ளித் தோட்டப் பணியாளர் ஒருவருக்கு 28.9 கோடி டாலர் தரச் சொன்னது 2018-இல் ஒரு நடுவர் குழு. மேல்முறையீட்டில் அது சுமார் 2 கோடியாகச் சுருங்கியது வேறு கதை.

அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா விவசாயிகளை 1993 முதல் தொடரும் ஆய்வு இன்னும் சுவாரசியம். அவர்களுக்கு மொத்தப் புற்றுநோய் ஊராரைவிடக் குறைவு. புகைப்பவர்கள் குறைவு என்பது ஒரு காரணம். ஆனால் புராஸ்டேட், சில ரத்தப் புற்றுநோய்கள் போன்றவை அதிகம்.

அங்கே பலர் டிராக்டரில் உட்கார்ந்து தெளிப்பவர்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் டேங்க் முதுகில் ஏறும், மூடி கசிந்து சட்டை நனையும், நாசில் அடைத்தால் வாயால் ஊதுவார்கள். விஷம் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் ஏறுகிறது. நம் ஆட்களோ மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வெறுங்கையால் கலக்குகிறார்கள்!