மராட் சாஃபின் வீணாய்ப் போனவரா?

கே: ரஷ்ய டென்னிஸ் வீரர் மராட் சாஃபின் திறமையை வீணடித்தவர் என்கிறார்களே, ஒத்துக்கொள்கிறீர்களா?

ப: மாட்டேன். 2 கிராண்ட் ஸ்லாம், 2 டேவிஸ் கோப்பை, மொத்தம் 15 ஒற்றையர் பட்டங்கள், 20 வயதில் உலக முதலிடம். இதற்குப் பெயர் வீண் என்றால், அந்த வீண் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கே: உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது எப்போது?

ப: 1998 பிரெஞ்சு ஓபனில். தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்த 18 வயதுப் பையன், முதல் சுற்றில் அகாசியையும் அடுத்ததில் நடப்புச் சாம்பியன் குயர்ட்டனையும் ஊருக்கு அனுப்பினான். இரண்டும் ஐந்து செட் ஆட்டங்கள்.

கே: மாஸ்கோ பையனுக்கு இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது?

ப: வீட்டிலிருந்தே. தாய் ரௌசா இஸ்லானோவாதான் முதல் பயிற்சியாளர். 14 வயதில் ஸ்பெயினின் வாலென்சியாவுக்குப் போய்ப் பட்டை தீட்டிக்கொண்டார். தங்கை தினாரா சாஃபினாவும் 2009இல் முதலிடம் பிடித்தார். அண்ணன், தங்கை இருவரும் ஒற்றையரில் முதலிடம் ஏறியது டென்னிசில் அதுவே முதல் முறை.

கே: 2000 அமெரிக்க ஓபன் இறுதியில் சாம்ப்ராஸ் சரியாக ஆடவில்லையோ?

ப: ஆட விடவில்லை! 13 கிராண்ட் ஸ்லாம் வென்று சாதனை படைத்திருந்தவரை 6-4, 6-3, 6-3 என்று நேர் செட்களில் வீழ்த்தினார் சாஃபின்.

கே: அவர் ஆடியதில் சிறந்த ஆட்டம்?

ப: 2005 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதி. அன்று அவருக்கு 25ஆவது பிறந்தநாள். எதிரே, 26 ஆட்டங்களாகத் தோல்வியே அறியாத ஃபெடரர். நான்காவது செட் டை-பிரேக்கில் மேட்ச் பாயின்ட் ஃபெடரர் கையில். சாஃபின் தலைக்கு மேலே லாப் அடித்தார். ஃபெடரர் ஓடிப்போய்க் கால்களுக்கு நடுவே அடித்துப் பார்த்தும் பலிக்கவில்லை. ஐந்தாவது செட்டை சாஃபின் 9-7 என்று முடித்தார். இறுதியில் ஹெவிட்டையும் அவருடைய சொந்த மண்ணிலேயே வென்றார்.

கே: அப்புறம் ஏன் இன்னொரு கிராண்ட் ஸ்லாம் வரவில்லை?

ப: முழங்கால். அதே 2005இல் அது அவரை முடக்கியது. அதற்கு முன் 2003இல் மணிக்கட்டு ஏறக்குறைய ஒரு பருவத்தையே விழுங்கியிருந்தது. வலியைக் கணக்கில் சேர்க்காமல் கோப்பையை மட்டும் எண்ணுவது நியாயமில்லை.

கே: நாட்டுக்காக ஆடும்போது எப்படி?

ப: 2006 டேவிஸ் கோப்பை இறுதி, மாஸ்கோ. ரஷ்யாவும் அர்ஜென்டினாவும் 2-2. கடைசி ஆட்டத்தில் அகாசுசோவை வென்று கோப்பையை வாங்கித் தந்தவர் சாஃபின்.

கே: ஆடுகளத்தில் கோபம் வந்து அவர் மட்டையை உடைத்ததையும் ஆதரிப்பீர்களா?

ப: இல்லை. பார்த்துப் பழகும் பிள்ளைகளுக்கு அது கெட்ட பாடம். ஆனால் அந்தக் கோபம் பெரும்பாலும் எதிராளி மேல் பாயவில்லை. தன் தப்பான அடி மேல்தான் பாய்ந்தது.

கே: 2009இல் ஓய்வு பெற்றார். உரிய மரியாதை கிடைத்ததா?

ப: கிடைத்தது. 2016இல் சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் ரஷ்யர் அவர்தான்.

கே: 2025இல் இன்னொரு ரஷ்ய வீரர் ரூப்ளெவுக்குப் பயிற்சி தர வந்தார். கோபக்காரருக்குக் கோபக்காரர் பயிற்சி தரலாமா?

ப: அவர்தான் தரவேண்டும். தன் முழங்காலையே மட்டையால் ரத்தம் வர அடித்துக்கொண்டவர் ரூப்ளெவ். அவரிடம் 'அமைதியாக இரு' என்று யாரும் சொல்லிவிடலாம். அந்தத் தீ எப்போது சோறு பொங்கும், எப்போது வீட்டை எரிக்கும் என்பது சாஃபினுக்குத்தான் தெரியும்.